ஊளையிட ஒரு நுழைவுச்சீட்டு

(இடம்: பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ, மரக்கானா அரங்கத்துக்கு வெளியே ஓர் இளநீர் வண்டி. நாள்: 2016 ஆகஸ்ட் 22, ஒலிம்பிக் நிறைவு விழாவுக்கு மறுநாள் காலை. அரங்கத்துக்கு வரும் தலைவர்களை மக்கள் ஊளையிட்டு வரவேற்பதை அந்நாட்டு மொழியில் ‘வாயா’ என்பார்கள். வாய்க்குப் பொருத்தமான பெயர்தான்.)

இளநீர்க்காரர்: வாருங்கள் ஐயா. தொடக்க விழாவுக்கு மறுநாள் தொண்டை கட்டிப்போய்ச் சைகையால் இளநீர் கேட்டீர்கள். இன்றைக்குக் குரல் கணீரென்று இருக்கிறதே, நேற்று நிறைவு விழாவுக்குப் போகவில்லையா?

பெரியவர்: போனேன் தம்பி, மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் எவரை ஊளையிடுவதற்காக ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து நுழைவுச்சீட்டு வாங்கினேனோ, அந்த இடைக்கால அதிபர் மிஷெல் டெமெர் வரவே இல்லை. பந்தியில் உட்காரவைத்துவிட்டுச் சோறு இல்லை என்றால் எப்படி இருக்கும்?

இளநீர்க்காரர்: 5ஆம் தேதி வயிறு நிறைய வாங்கிக்கொண்டு போனாரே, அது போதும் என்று நினைத்திருப்பார்.

பெரியவர்: அதுவும் அரைகுறைதான். விழாவின் தொடக்கத்தில் ஒலிம்பிக் குழுத் தலைவர் பாக்கின் பெயரை அறிவித்தவர்கள், பக்கத்தில் இருந்த நம் அதிபரின் பெயரை மட்டும் விழுங்கிவிட்டார்கள். பெயரே வராவிட்டால் மனிதன் எந்த இடத்தில் ஊளையைத் தொடங்குவது? கடைசியில், போட்டிகளைத் தொடங்கி வைக்கிறேன் என்று அவர் ஒரே வாக்கியம் சொன்னார். நான் மூச்சை இழுத்துப் பாதி ஊளைதான் விட்டிருப்பேன், அதற்குள் இசையும் வாணவேடிக்கையும் கிளம்பி என்னை அமுக்கிவிட்டன. தொண்டைக்குக் கெடுதல் செய்வது முழு ஊளை அல்ல தம்பி, பாதியில் விழுங்கிய ஊளைதான்.

இளநீர்க்காரர்: ஒரு சந்தேகம் ஐயா, கோபிக்கக் கூடாது. 2014 தேர்தலில் நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள்?

பெரியவர்: டில்மா ரூசெஃபுக்கு. எழுபதைத் தாண்டியவனுக்கு வாக்களிப்பது கட்டாயமில்லை என்று சட்டம் சொல்லியும், நானாகப் போய் வரிசையில் நின்று வாக்களித்தேன்.

இளநீர்க்காரர்: அப்போது வாக்கு இயந்திரத்தில் டில்மாவின் படத்தோடு துணை அதிபர் வேட்பாளரின் படமும் வந்திருக்குமே, டில்மாவை இந்த மே மாதம் பதவியிலிருந்து நிறுத்திவைத்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்த இந்த டெமெர்தானே அது?

பெரியவர்: வந்தது. சின்னப் படம். நான் அன்றைக்குக் கண்ணாடி கொண்டுபோகவில்லை.

இளநீர்க்காரர்: ஆகவே, நீங்கள் வாக்களித்தவரைத்தான் நீங்களே ஊளையிட்டிருக்கிறீர்கள்.

பெரியவர்: நான் கட்சி பார்ப்பவன் அல்லன். 2007இல் இதே மரக்கானாவில் பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டியைத் தொடங்கி வைக்க அப்போதைய அதிபர் லூலா வந்தபோது அரங்கமே திரும்பத் திரும்ப ஊளையிட்டது. அவர் வாயைத் திறக்காமலே இருந்துவிட, நம் நாட்டு ஒலிம்பிக் சங்கத் தலைவர் நுஸ்மான் தொடங்கி வைத்தார். 2013 ஜூன் 15 அன்று தலைநகர் பிரசீலியாவில், கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பைக் கால்பந்துத் தொடக்கத்தில், அதிபர் டில்மாவுக்கு விழுந்த ஊளையைத் தொலைக்காட்சியில் பார்த்து, வீட்டிலிருந்தபடியே கலந்துகொண்டேன். உலகக் கால்பந்துச் சங்கத் தலைவர் பிளாட்டர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு மரியாதை எங்கே என்று நம்மைக் கேட்டார் பார், ஊளை இரண்டு மடங்காயிற்று. அண்டை வீட்டுக்காரர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று கதவைத் தட்டினார்கள். 2014 உலகக் கோப்பைத் தொடக்கத்தில் எந்தத் தலைவருமே பேசவில்லை. மௌன அஞ்சலியைக்கூட ஊளையிடும் அரங்கம் மரக்கானா என்று சும்மாவா சொன்னார்கள்!

இளநீர்க்காரர்: நீங்கள் பிரசீலியாவைச் சொன்னதும் என் மைத்துனன் நினைவு வருகிறது. அதே நாள், அதே அரங்கம், ஆனால் அவனிடம் நுழைவுச்சீட்டு இல்லை. உள்ளே இருந்தவர்கள் ஊளையிட்டபோது அதற்குப் பெயர் மக்களின் குரல். மருத்துவமனைக்குக் காசில்லை, அரங்கத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று வெளியே நின்று அவன் கேட்டபோது, கண்ணீர்ப்புகைக் குண்டுதான் பதிலாக வந்தது. இந்த முறை தொடக்க விழாவுக்கு மிக மலிவான இருக்கையே 200 ரெயால், உயர்ந்தது 4,600 ரெயால். குறைந்தபட்ச ஊதியமோ மாதத்துக்கு 880. அந்த உயர்ந்த இருக்கையில் உட்கார்ந்து என்னைப் போன்றவன் ஒரு ஊளையிட வேண்டுமென்றால், ஐந்து மாதச் சம்பளத்தைச் செலவழித்தும் துண்டு விழும்.

பெரியவர்: அதனால்தான் தம்பி, உங்களுக்கெல்லாம் சேர்த்து நான் ஒருவன் ஊளையிடுகிறேன்.

இளநீர்க்காரர்: பிரதிநிதித்துவம் என்று சொல்லுங்கள். அதைச் செய்வதற்காகத்தானே ஐயா அவர்களையும் தேர்ந்தெடுத்தோம்? சரி, நேற்று அதிபர் இல்லாவிட்டால் என்ன, வேறு யாரும் கிடைக்கவில்லையா?

பெரியவர்: அதிபருக்குக் கீழே இருப்பவர்களுக்கு நான் தொண்டையைச் செலவழிப்பதில்லை. அடுத்த ஒலிம்பிக் டோக்கியோவில் என்பதால் வந்திருந்த ஜப்பானியப் பிரதமர் ஒருவர்தான் தகுதியானவராகத் தெரிந்தார். வெளிநாட்டுக்காரர் என்றாலும் பரவாயில்லை என்று மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருந்தேன். அந்த அபே, சிவப்புத் தொப்பி வைத்த சூப்பர் மாரியோவாக ஒரு பச்சைக் குழாய்க்குள்ளிருந்து எழுந்து வருகிறார்! பேரனுடைய விளையாட்டுப் பொம்மையை எப்படி ஊளையிடுவது? கைதட்டிவிட்டேன். வாழ்நாளில் ஓர் அரசியல்வாதிக்கு நான் கைதட்டியது அதுதான் முதல் முறை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

இளநீர்க்காரர்: நம் அதிபருக்கு இந்த யோசனை தோன்றாமல் போயிற்றே.

பெரியவர்: தோன்றியிருந்தாலும் குழாயை விட்டு வெளியே வந்திருக்க மாட்டார். சரி, இளநீர் எவ்வளவு?

இளநீர்க்காரர்: ஆறு ரெயால்.

பெரியவர்: போன மாதம் நான்கு அல்லவா? விளையாட்டுதான் முடிந்துவிட்டதே, விலை ஏன் இறங்கவில்லை? ஊஊஊ...

(இளநீர்க்காரர் வண்டியில் தொங்கும் வானொலியின் ஒலியை முழுவதும் கூட்டுகிறார்.)

பெரியவர்: தம்பி, அதைக் குறை! மறுபடியும் பாதியில் நிற்கிறேன், தொண்டை போய்விடும்!

இளநீர்க்காரர்: உள்ளே ஊளையிட 200 ரெயால் கேட்டார்கள் ஐயா, நான் ஆறு ரெயாலுக்கு இளநீரும் சேர்த்துத் தருகிறேன். முதலில் காசைக் கொடுங்கள், பிறகு வானொலியைக் குறைக்கிறேன்.