அத்தை நடத்திய இன்டர்வியூ

(கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணை. அஜின் பி.காம் முடித்து இரண்டு வருடம். நாளைக்குத் திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில், ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் டெக்னோபார்க்கில் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு இன்டர்வியூ. அத்தை மூன்று பெண்களுக்கு மாப்பிள்ளை பார்த்தவர், அதனால் எதிரில் இருப்பவன் எங்கே மழுப்புகிறான் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.)

அத்தை: உன்னைப் பற்றிச் சொல்லுலே.

அஜின்: ஐ ஆம் எ ஹார்ட் வொர்க்கிங், சின்சியர், டெடிகேட்டட்...

அத்தை: யாரைச் சொல்கிறாய்?

அஜின்: என்னைத்தான் அத்தை.

அத்தை: அதுசரி. கம்பெனியைப் பற்றி என்ன தெரியும்?

அஜின்: டெக்னோபார்க் 1990-ல் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் டெக்னாலஜி பார்க்.

அத்தை: அதை கேட்டில் நிற்கிற வாட்ச்மேனிடம் சொல்லு. நீ போகிற கம்பெனி என்ன விற்கிறது, யார் பணம் கொடுக்கிறார்கள்? கணக்கு எழுதப் போகிறவனுக்கு இது தெரியவேண்டாமா? ராத்திரி அவர்கள் வெப்சைட்டைப் பார்த்துவிட்டுத் தூங்கு. பயோடேட்டாவில் பொழுதுபோக்கு, புத்தகம் வாசித்தல் என்று போட்டிருக்கிறாய். கடைசியாக வாசித்தது எது?

அஜின்: அது... எல்லோரும் போடுவதுதானே.

அத்தை: வெட்டு அதை. உன் பலவீனம் என்ன?

அஜின்: எதை எடுத்தாலும் நூறு சதவீதம் முடிக்காமல் விடமாட்டேன்.

அத்தை: எங்க ஃபேன் ரெகுலேட்டரை ஓணத்துக்கு முன்னால் கழற்றினாய். வயர் இன்னும் தொங்குகிறது.

அஜின்: சரி, வேறு பலவீனம் யோசிக்கிறேன்.

அத்தை: எதற்கு வேறு? இருப்பதையே சொல்லு. தொடங்கியதை இழுத்தடிப்பேன், இப்போது தேதி குறித்து வைத்துச் செய்கிறேன் என்று சொல்லு. குறித்தும் வை. ரெண்டு வருஷம் சும்மாவா இருந்தாய்?

அஜின்: அதைக் கேட்கக் கூடாதென்று தான் அந்தோணியாருக்கு நேர்ந்திருக்கிறேன். சுயதொழில் என்று சமாளிக்கலாமா?

அத்தை: எங்க அண்ணன் கை ஒடிந்து கிடந்தபோது, விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போனது யாரு மக்கா?

அஜின்: ஆபீஸில் போய் ரப்பர் கதை சொன்னால் சிரிப்பார்கள்.

அத்தை: பால் எடுத்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, ஷீட் அடித்து, காயப்போட்டு, கடையில் கொடுத்து, மழையில் வெட்டு நடக்காத நாளைக்கூட நோட்டில் எழுதினாயே. மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்கிற ஒட்டுப்பாலுக்குத் தனிப் பக்கம். கடைக்காரர் எடையில் கழித்ததை யார் பிடித்தது?

அஜின்: நான்தான். எல்லாச் சீட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஈரம் ஈரம் என்று மழைக்காலத்தில் கழித்த அதே அளவை நல்ல வெயிலிலும் கழித்திருந்தார். கணக்குப் போட்டுக் காட்டினேன், பாக்கியைத் தந்துவிட்டார்.

அத்தை: இவ்வளவும் உள்ளே வைத்துக்கொண்டு டெடிகேட்டட், மண்ணாங்கட்டி என்கிறாய்! சம்பளம் கேட்டால்?

அஜின்: உங்கள் இஷ்டம் சார்.

அத்தை: மீன்காரியிடம் போய் அப்படிச் சொல்லிப் பாரேன். ரூம் வாடகை, சாப்பாடு, வண்டிச்செலவு எல்லாம் கூட்டிப்பார்த்து ஒரு தொகை சொல்லு. அப்புறம், அந்தக் கல்யாணச் சட்டை வேண்டாம், கண் கூசுகிறது. கோடு போட்டதைத் தேய்த்துப் பையில் வை. குழித்துறையில் ரயில் ஏறும்போது பழசைப் போட்டுக்கொண்டு, அங்கே போய் மாற்று.

அஜின்: கடைசியில், உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். லீவு எத்தனை நாள் என்று கேட்கவா?

அத்தை: முதலில் வேலைக்குச் சேருலே! முதல் மாசம் யாரிடம் வேலை படிக்கணும் என்று கேளு. இந்தா, இதை ஃபைலோடு வை. நேந்திரங்காய் வத்தல், மேனேஜருக்கு.

அஜின்: ஐயோ, லஞ்சம் என்று நினைப்பார்கள்!

அத்தை: கால் கிலோவா லஞ்சம்? லஞ்சம் என்றால் ஒரு கிலோவாவது கொடுக்கமாட்டேனா?

அஜின்: ரயிலில் நானே தின்றுவிடுகிறேன். சரி, நான் பாஸா?

அத்தை: ஸ்க்ரூ டிரைவர் அலமாரியில் இருக்கு. ரெகுலேட்டரை மாட்டு, அப்புறம் சொல்கிறேன்.