இடித்தது பாசன அணைகளை அல்ல
"கிளமத் ஆற்றில் அணைகளை இடித்து விவசாயிகளின் தண்ணீரைப் பறித்துவிட்டார்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், அது தவறு. 2023, 2024இல் கலிபோர்னியா, ஓரிகன் எல்லைப் பகுதியில் அகற்றிய நான்கு அணைகளும் மின்சாரத்துக்காக இருந்தவை. பாசனத் தண்ணீர் அவற்றுக்கும் மேலே இருக்கிற அப்பர் கிளமத் ஏரியிலிருந்துதான் போகிறது, அந்த ஏரியின் அணை இன்றும் அப்படியே நிற்கிறது. சரி, எதற்கு இடித்தார்கள்? முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வரும் சால்மன் மீன்களுக்கு வழிவிடத்தான். 2002இல் பல்லாயிரம் சால்மன் மீன்கள் செத்து மிதந்த ஆறு அது. யூரோக், கரூக் பழங்குடியினர் அப்புறம் அணைகளை அகற்றச் சொல்லி இருபது ஆண்டு விடாமல் போராடினார்கள். தேக்கம் வடிந்த சேற்றில் அந்த மண்ணின் விதைகளைக் கையாலேயே தூவியதும் யூரோக் ஆட்கள்தான். கடைசி அணை போன சில வாரங்களிலேயே, 2024 அக்டோபரில், சால்மன் ஓரிகன் ஓடைக்கே ஏறிவிட்டது, நூறு ஆண்டுக்கு மேல் அது எட்டிப் பார்க்க முடியாத இடம்!