எக்ஸ்மஸ் என்பதில் உள்ள எக்ஸ்

கிறிஸ்துமஸை எக்ஸ்மஸ் என்று எழுதுவது கிறிஸ்துவின் பெயரை எடுத்துவிட அண்மையில் வந்த பழக்கம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். அவருடைய வருத்தம் புரிகிறது. ஆனால் தகவல் சரியல்ல.

அது ஆங்கில எக்ஸ் இல்லை. கிரேக்க நெடுங்கணக்கில் 'கை' என்றொரு எழுத்து உண்டு, பார்க்க அச்சு அசல் எக்ஸ் மாதிரியே இருக்கும். கிரேக்கத்தில் கிறிஸ்து என்ற பெயரின் முதல் எழுத்தே அதுதான். ஆகவே பெயர் போய்விடவில்லை, சுருங்கித்தான் இருக்கிறது. இப்படிச் சுருக்கியவர்களும் பக்தியோடு வேதத்தைப் படியெடுத்தவர்களே. ஆங்கிலத்திலும் இது 16-ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது.

நீங்களே சரிபார்க்கலாம். 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய் கையெழுத்துப்படி (Codex Sinaiticus) என்ற கிரேக்க வேதப் பிரதியின் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் மாற்கு நற்செய்தியின் முதல் வசனத்தைப் பாருங்கள். இயேசு, கிறிஸ்து இரண்டுமே இரண்டிரண்டு எழுத்துகளாகச் சுருக்கப்பட்டு, மேலே ஒரு கோடு போட்டிருக்கும். கிறிஸ்துவுக்கான சுருக்கம் அந்த எக்ஸ் வடிவ எழுத்தில்தான் தொடங்கும். கிரேக்கம் தெரியாதவர்கூடக் கண்டுபிடித்துவிடலாம். அவ்வளவு தேட நேரமில்லை என்றால், சொற்பிறப்பு தரும் நல்ல ஆங்கில அகராதி ஏதாவது ஒன்றில் இந்தச் சொல்லைப் பாருங்கள், போதும்.

அப்புறம், பயன்பாடு பற்றி ஒன்று. வாழ்த்து அட்டை, குறுஞ்செய்தி, கடைப் பலகை போன்ற இடம் குறைவான இடங்களுக்கு எக்ஸ்மஸ் பொருந்தும். அலுவல் கடிதத்தில் முழுச் சொல்லையே எழுதுவது நல்லது. அது எழுத்து நடை சார்ந்த விஷயம், நம்பிக்கையோடு அதற்குத் தொடர்பில்லை.