எந்தப் பக்கம் சுத்தினா என்ன சேர்?

லோகோ இடிக்குதாம். அனுசரணையாளரின் லோகோ வலது மூலையில்தான் வர வேண்டுமாம், டி.என்.ஏ. படியெடுப்பைக் காட்ட நான் செய்த வீடியோவில், இரண்டு இழைகளையும் பிரிக்கிற ஹெலிகேஸ் நொதியமும் அந்த மூலையில்தான் நின்றதாம். ஆகவே வீடியோவை இடம் வலமாகத் திருப்பிப் போட்டாச்சு. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. கிளிநொச்சியில் உயர்தர உயிரியல் கருத்தரங்கு, மண்டபம் நிறையப் பிள்ளைகள், திரை முழுக்க இடப்பக்கம் முறுக்கிக்கொண்டு ஏறுகிற டி.என்.ஏ.

1953 இல் வாட்சனும் கிரிக்கும் சொன்னதிலிருந்து அது வலச்சுற்று. தலைகீழாகப் பிடித்தாலும் வலச்சுற்றுத்தான், திருகாணியைப் போல. கண்ணாடியில் விழுத்தினால் மட்டும்தான் மாறும். கெடுக்க ஒரேயொரு வழி இருக்கிற இடத்தில் அந்த ஒன்றைத் தேடிப் பிடித்த கெட்டித்தனத்தை என்னவென்று சொல்ல!

மெதுவாகப் போய்ச் சொன்னேன். “தம்பி, உது இடப்பக்கம் சுத்துது.”

“இல்ல சேர், வடிவாத்தான் சுத்துது.”

“வடிவாச் சுத்துது. பிழையான பக்கம் சுத்துது.”

தம்பி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வார இறுதியில் சாமத்தியவீட்டு வீடியோ வெட்டுகிற பிள்ளை. அதிலே மாலை இடத்தோளில் இருந்து வலத்தோளுக்குப் போனால் யார் கேட்கப் போகிறார்கள்? ஏற்பாட்டாளர் ஓடி வந்தார். “எந்தப் பக்கம் சுத்தினா என்ன சேர், சோதினையில அதையோ கேக்கப் போறாங்கள்?”

சமாதானம் பேச வந்த ஆசிரியர் ஒருவர், “இசட் டி.என்.ஏ. எண்டொரு வகை இடப்பக்கம்தானே” என்று எனக்கே வகுப்பெடுத்தார். ஐயா, இசட் டி.என்.ஏ.க்கு முதுகெலும்பு வளைந்து நெளிந்து போகும், ஒரு சுற்றுக்கு ஏணிப்படி மாதிரி 12 மூலச் சோடி. நான் போட்டது ஒரு சுற்றுக்குப் பத்தரைச் சோடி. திருப்பிப் போட்டால் இசட் வராது. உலகத்தில் எந்த உயிரிலும் இல்லாத ஒரு சாமான்தான் வரும். சீனி மூலக்கூறும் சேர்ந்து திரும்பிவிட்டது, நொதியத்தின் அமினோ அமிலங்களும் திரும்பிவிட்டன.

இதோடு விட்டார்களா? படத்தைத் திருப்பினால் எழுத்தும் திரும்புமே. அதற்குக் கறுப்புப் பெட்டி போட்டு மறைத்து, மேலே பாமினி எழுத்துருவில் புதிதாக அடித்திருக்கிறார்கள். மண்டபத்து மடிக்கணினியில் பாமினி இல்லை. “ஹெலிகேஸ்” இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பை. ஒழுங்காகத் தெரிந்தது இழையின் இரு முனைகளின் பெயர்களான 5', 3' இரண்டும்தான். அவற்றையும் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார்கள். இழை திரும்பிவிட்டது, முனைப் பெயர் திரும்பவில்லை. ஆகவே புதிய இழை 3' இலிருந்து 5' நோக்கி வளர்கிறது! புதிய இழையைக் கட்டுகிற நொதியமான டி.என்.ஏ. பொலிமரேசு எங்கும் செய்யாத வேலையை என் படத்தில் செய்கிறது. முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி அதைப் பார்த்துக் கவனமாகக் கொப்பியில் எழுதுகிறாள். அவளைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரிந்தது. இரண்டாவது இழை ஏன் துண்டு துண்டாக, ஒகசாக்கித் துண்டுகளாக, உருவாகிறது என்பதே அந்தத் திசையில்தான் இருக்கிறது. அதை விளங்கப்படுத்தத்தானே படமே செய்தது?

30 விநாடிப் படம். விநாடிக்கு 24 படச்சட்டம், மொத்தம் 720. ஒவ்வொன்றையும் மடிக்கணினி மூச்சு வாங்கி வாங்கிச் செய்யும், நடுவில் கரண்ட் போகும். பக்டீரியாவில் விநாடிக்கு ஏறக்குறைய ஆயிரம் எழுத்துப் படியெடுக்கிற வேலையைக் கண்ணுக்குத் தெரிகிற வேகத்துக்கு இறக்கி, சுற்றியிருக்கிற தண்ணீரை எல்லாம் அகற்றி, தேவையில்லாத அணுக்களை மங்கலாக்கி... சரி, விடுங்கள்.

நிறத்திலும் கை வைக்கப் பார்த்தார்கள். ஒட்சிசன் சிவப்பு, பொசுபரசு செம்மஞ்சள், உலகம் முழுக்க வழக்கம். “ரெண்டும் பக்கத்தில பக்கத்தில நிக்குது சேர், புலிக்கொடி நிறமோ எண்டு ஆரும் வந்து கேட்டா?” வன்னியில் இருந்துகொண்டு அந்தப் பயத்தை மட்டும் என்னால் திட்ட முடியவில்லை. ஆனால் பொசுபரசுக்கு எந்தக் கட்சியும் இல்லை ஐயா.

கடைசியில் நன்றியுரை. “அழகான வீடியோவைத் தந்துதவிய ஆசிரியருக்கு” என்று கைதட்டு வேறு. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, பக்கத்தில் இருந்தவர் நான் பெருமையில் சிரிக்கிறேன் என்று நினைத்துத் தோளில் தட்டினார்.

மத்தியானப் பார்சல் கதை வேறு. எல்லாருக்கும் முட்டை. எனக்கு மட்டும் மரக்கறி. நெற்றியில் திருநீறு பூசியிருந்தால் முட்டை சாப்பிட மாட்டான் என்று இவர்களுக்கு யார் சொன்னது?