பீரங்கிக்கு வெள்ளி பெயிண்ட் அடிச்சா நினைவுச் சின்னம் ஆயிடுமா?

நம்ம கடலூர்ல ஒரு பழைய பீரங்கிக்கு வெள்ளி பெயிண்ட் அடிச்சு, வீரர்கள் நினைவுச் சின்னம்னு ஞாயித்துக்கிழமை திறந்து வச்ச கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீங்க. ரிப்பன், மாலை, ட்ரோன் கேமரா, பீரங்கி மேல கால் போட்டு செல்ஃபி. விழாவைப் பத்தி ஊர்க் குரூப்ல போட்ட பதிவுக்குக் கீழ நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இது யாரோட பீரங்கி?" அதுக்குக் கிடைச்ச பட்டம், "வெள்ளைக்காரனுக்குச் சொம்பு தூக்கி". கூடவே அட்மின் பிளாக் பண்ணிட்டார். நல்லது. என் சுவர்ல நான் எழுதிக்கறேன்.

பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி அது செடி கொடிக்குள்ள கிடந்தப்ப போய்ப் பார்த்தவன் நான். பின்பக்கம், வெடிமருந்துக்குத் தீ வைக்கிற துளைக்குக் கிட்ட, துருவைத் தேய்ச்சா மூணு எண் தெரிஞ்சது. 20, 2, 14. ஃபோன்ல படம் இருக்கு. அந்தக் காலத்து இங்கிலீஷ் பீரங்கியில எடையை இப்படித்தான் வெட்டுவாங்க. முதல் எண் ஹண்டர்வெயிட், அதாவது 112 பவுண்டு. ரெண்டாவது அதுல கால் பங்கு, 28 பவுண்டு. மூணாவது மிச்சப் பவுண்டு. கூட்டிப் பாருங்க, 2310 பவுண்டு வரும். ஆயிரம் கிலோவைத் தாண்டுது.

இப்ப பலகையில என்ன எழுதியிருக்கு? "அந்நியரை எதிர்த்து நின்ற வீரர்களின் நினைவாக." அந்நியன் வார்த்த பீரங்கியை வச்சு அந்நியனை எதிர்த்தவனுக்கு அஞ்சலி! சிரிக்கறதா அழறதா? பலகையில அந்த வரிக்குக் கீழ திறந்து வச்சவர் பேரு, தலைமை தாங்கினவர் பேரு, முன்னிலை வகிச்சவங்க பேரு எல்லாம் இருக்கு. செத்தவன் ஒருத்தன் பேரு கூட இல்ல. அந்த மூணு எண்ணும் அலுமினியம் பெயிண்டுக்கு அடியில போயாச்சு.

"ஹைதர் அலி படை கைப்பத்தினதா இருக்கலாமே"ன்னு ஒரு நண்பர் கேட்டார். இருக்கலாம். 1782ல ஹைதர் துணையோட பிரெஞ்சுக்காரங்க கடலூரை இங்கிலீஷ்காரன்கிட்ட இருந்து பிடிச்சாங்க. அப்ப எத்தனையோ பீரங்கி கை மாறியிருக்கும். அதைக் கண்டுபிடிச்சு எழுதுங்கன்னுதானே சொல்றேன்? கண்டுபிடிக்கற வரைக்கும் "இங்கிலீஷ் பீரங்கி"ன்னு ஒரு வரி எழுதினா யார் தலையும் போயிடாது.

நம்ம ஊருக்கும் பீரங்கிக்கும் என்ன உறவுன்னு தெரியுமா? 1690ல செஞ்சியில இருந்த மராட்டியர்கிட்ட தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் விலைக்கு வாங்கினான். சுத்தியுள்ள நிலத்துக்கு எல்லை எது? பீரங்கிக் குண்டு போய் விழற இடம். நாலா பக்கமும் சுட்டாங்க. விழுந்த தூரம் வரைக்கும் கிராமங்கள் அவன் கைக்குப் போச்சு. குண்டு கிராமம்னு பேரே வந்தது. ஏர் ஓட்டிக்கிட்டிருந்தவன்கிட்ட யாராவது கேட்டாங்களா? அந்தக் கோட்டைக்குத்தான் செயின்ட் டேவிட் கோட்டைன்னு பேரு. அது பின்னாடி கம்பெனியோட சென்னை நிர்வாகத்துக்கே தலைமையிடமா இருந்தது, ராபர்ட் கிளைவ் கவர்னரா உட்கார்ந்தது, 1758ல பிரெஞ்சுத் தளபதி லாலி பிடிச்சு இடிச்சுத் தள்ளினது எல்லாம் அப்புறம் நடந்த கதை. நிலத்தைப் பறிகொடுத்தவனுக்கு ஒரு பலகை வைங்கய்யா முதல்ல.

எங்க ஆயா வீட்டுல மாட்டுக் கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க ஒரு இரும்புக் குண்டு கிடக்கும். உரிச்ச தேங்காய் அளவு. நடுவுல சுத்தி ஒரு மெல்லிசான வரி ஓடும். ரெண்டு பாதி அச்சைச் சேர்த்து வார்த்த தடம். சின்னப் பிள்ளையில அந்த வரி மேல நகத்தை ஓட்டிக்கிட்டே உட்கார்ந்திருப்பேன். மழையில மண்ணு கரைஞ்சு வெளிய வந்ததுன்னு ஆயா சொல்லும். மாமா அதைப் பழைய இரும்புக்காரன்கிட்ட எடைக்குப் போட்டார். அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். அது என்னன்னு யாரும் அவருக்குச் சொல்லல. சொல்லாம விட்டா என்ன ஆகும்னுதான் இதையெல்லாம் எழுதறேன்.

"வெள்ளைக்காரன் சம்பளத்துக்குச் சண்டை போட்டவன்லாம் வீரனா?" இது இன்னொரு கேள்வி. இதுக்குத்தான் எனக்கு வயிறு எரியுது. 1783 ஜூன்ல கடலூரை இங்கிலீஷ்காரன் முற்றுகை போட்டான். உள்ள பிரெஞ்சுக்காரன். ரெண்டு பக்கமும் சிப்பாய்னு முன்னாடி நிக்க வச்சது நம்ம ஆளுங்களைத்தான். கடல்ல ஜூன் 20 சண்டை வேற. இதுல கொடுமை என்னன்னா, ஐரோப்பாவுல அந்த வருஷம் ஜனவரியிலேயே சமாதான முன்ஒப்பந்தம் கையெழுத்தாயிடுச்சு. சேதி கப்பல்ல இங்க வந்து சேர ஜூன் கடைசி ஆச்சு. அதுக்குள்ள செத்தவன் எதுக்குச் செத்தான்? அவன் வீரனா கூலியான்னு ஏசி ரூம்ல உட்கார்ந்து தீர்ப்பு சொல்ல நீங்க யாரு? வயித்துக்காகப் போனவன். அவனுக்கும் ஒரு ஆயா இருந்திருக்கும்.

22 கிலோமீட்டர் தள்ளி புதுச்சேரி கடற்கரைச் சாலையில பிரெஞ்சுக்காரன் வச்ச போர் நினைவிடம் இருக்கு. முதல் உலகப் போர்ல செத்த பிரெஞ்சிந்தியப் படையாட்களுக்குன்னு அதுல எழுதி வச்சிருக்கான். யாருக்குன்னு சொல்லியிருக்கான் பாருங்க, அவ்வளவுதான் நான் கேட்கறது. உடனே "பிரெஞ்சு அடிமை"ன்னு கிளம்பாதீங்க.

"குறை சொல்றவன் வந்து வேலை செய்யலாமே"ன்னா, போனேன்யா. கடலோர மண்ணுல கிடந்த வார்ப்பிரும்புக்குள்ள உப்பு ஏறியிருக்கும், சலவைச் சோடா கரைச்ச தண்ணியில முக்கி மின்சாரம் விட்டு மாசக்கணக்குல உப்பை எடுக்கணும், அப்புறம்தான் மேல்பூச்சுன்னு சொன்னேன். வாயில சிமெண்ட் அடைக்காதீங்க, ஈரம் உள்ளேயே நிக்கும், வாயை லேசாக் கீழ சாய்ச்சு வைங்கன்னு சொன்னேன். "சார், ஞாயித்துக்கிழமை ஃபங்ஷன்"னு பதில் வந்தது. சிமெண்ட் அடைச்சாச்சு. ரெண்டு மழைக்காலம் போகட்டும், பெயிண்ட் ஏடு ஏடா வரும்.

பீரங்கியாவது இரும்பு, போகட்டும். எங்க பெரியப்பா 71 போர்ல இருந்தவர். வீரர்களுக்கு நினைவுச் சின்னம்னதும் மெடலை எல்லாம் சட்டையில குத்திக்கிட்டு வந்தார். முன்வரிசை நாற்காலியில எல்லாம் பேரு ஒட்டியிருந்தது. அவர் பேரு இல்ல. ஒரு தம்பி வந்து "பெருசு, அந்தப் பக்கம் நில்லு"ன்னான். வெயில்ல ஒண்ணரை மணி நேரம் நின்னார். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசல, மெடலைக் கழட்டி டப்பாவுல போட்டுட்டார். இவங்கதான் எனக்கு வீரம்னா என்னன்னு பாடம் எடுக்கறாங்க.

பலகையை மாத்துங்க. பீரங்கி எங்க வார்த்தது, எப்படி இங்க வந்தது, இந்த மண்ணுல யார் யார் செத்தாங்க, அதை எழுதுங்க. உங்க பேரையும் கீழ போட்டுக்கங்க, வேணாம்னு சொல்லல. பெயிண்டை எடுக்கறதா இருந்தா மணலை வேகமா அடிச்சுச் சுரண்டற சாண்ட் பிளாஸ்டிங் ஆளை மட்டும் கூப்பிடாதீங்க, மிச்சமிருக்கிற எண்ணும் போயிடும்.

அட்மினுக்கு இந்தப் பதிவு தெரியாது. அந்தக் குரூப்ல இருக்கறவங்க யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுடுங்க.