பாவு இணைக்கும் நாளுக்குக் கூலி இல்லையா?

போன கிழமை கிழக்கிலங்கையின் நெசவூரான மருதமுனையில் சாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். தறிச் சத்தம் கேட்கவில்லை. பழைய பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், முடிந்து புதுப் பாவு இணைத்துக்கொண்டிருந்தார். பழைய நூலின் நுனி ஒன்று, புதிய நூலின் நுனி ஒன்று, இரண்டையும் சேர்த்து விரலிடுக்கில் ஒரு முறுக்கு. பிறகு அடுத்தது. இப்படி ஆயிரத்துக்கு மேல் நூல். ஓர் இழை நிறம் மாறி விழுந்தால், அந்தப் பாவில் நெய்கிற அத்தனை சாரனிலும் அந்தப் பிழை ஓடும். சாச்சி என்னோடு கதைத்துக்கொண்டே செய்தார். விரல் ஒரு தரமும் தடுமாறவில்லை.

பக்கத்தில் கிடந்த கொப்பியில் முதலாளியின் கணக்கு இருந்தது. நூல் இவ்வளவு, சாயம் இவ்வளவு, சாரன் ஒன்றுக்குக் கூலி இவ்வளவு. பாவு இணைக்கும் நாளுக்கு ஒன்றுமே இல்லை. எந்த நிறத்தில் எத்தனை இழை என்ற கட்டக் கணக்கும் சாச்சி மனதிலேயே போட்டதுதான். அதற்கும் இல்லை. எனக்குச் சரியான கோபம் வந்தது.

ஆட்களிடம் இருக்கும் இப்படியான அறிவையும் திறனையும் பொருளியலில் மனித மூலதனம் என்பார்கள். பின்னாளில், 1979இல், நோபல் பரிசு பெற்ற தியோடர் ஷுல்ட்ஸ் 1960இலேயே இதைப் பற்றி விரிவாகப் பேசினார். போரில் தரைமட்டமான ஜேர்மனியும் யப்பானும் அவ்வளவு வேகமாக எழும்பியது எப்படி? கட்டடங்கள் இடிந்தன, ஆட்களின் அறிவும் திறனும் மிஞ்சின.

எங்களுக்கு இதை விளங்கப்படுத்த ஜேர்மனி தேவையில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் சாச்சியின் தறியையும் கடல் கொண்டுபோனது. இழப்புப் படிவத்தில் தறி, நூல், கூரை எல்லாவற்றையும் விலையோடு எழுதினோம். பிறகு உதவியாக ஒரு தறி வந்தது. வந்து இறங்கிய கிழமையே நெய்யத் தொடங்கிவிட்டார். மூத்தம்மாவிடம் சின்ன வயதில் பழகிய பழக்கம் அது. அதுவும் போயிருந்தால் அந்தத் தறி வெறும் விறகு. அந்தப் பழக்கத்துக்குப் படிவத்திலும் இடம் இருக்கவில்லை, இந்தக் கொப்பியிலும் இல்லை.

விசைத்தறிச் சாரன் மலிவு, முதலாளியும் பிழைக்க வேண்டும் என்பார்கள். சரி. ஆனால் கைத்தறி என்று சொல்லித்தானே கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்? அந்தக் கூடுதலில் கைக்கு வருவது எவ்வளவு?

காணியை ஈடு வைக்கலாம், நகையை ஈடு வைக்கலாம். நாற்பது வருடப் பழக்கத்தை ஈடு வைத்து எந்த வங்கியில் கடன் எடுப்பது? வகுப்புக்குப் போகாமலே, பழகின தொழிலைச் செய்துகாட்டி என்.வி.கியூ என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்க, அரசின் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் வழி இருக்கிறது. மேசன் வேலை செய்கிற ஆண்களுக்கு அது தெரிந்திருக்கிறது. வீட்டுக்குள் இருந்து தொழில் செய்கிற பெண்களிடம் போய்ச் சொல்ல ஆள் இல்லை.

சாச்சியின் மகள் தறிப் பக்கம் வருவதில்லை. கல்முனையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். "அங்க மாசம் முடிஞ்சா சம்பளம் வரும் காக்கா" என்றாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. வருடக்கணக்கில் பழகியும் பழகினதற்கு விலை கிடைக்காது என்றால் யார்தான் பழகுவார்கள்?

வருகிற வெள்ளிக்கிழமை சாச்சியோடு இருந்து, பாவு நாளையும் கட்டக் கணக்கையும் சேர்த்துப் புதுக் கணக்கு ஒன்று எழுதப்போகிறேன். மருதமுனையிலும் காத்தான்குடியிலும் நெய்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், பாவு இணைக்கும் நாளுக்கு உங்களுக்கு என்ன தருகிறார்கள் என்று உள்பெட்டியில் சொல்லுங்கள். முதலாளியிடம் பேசப் போகும்போது அந்தக் கணக்கும் எங்கள் கையில் இருக்க வேண்டும்.