ஏலத்தில் வயலின் எடுக்க முதல் திருத்துகிற ஆளைத் தேடுங்கோ

கோயில் மாம்பழம் ஏலம் போவதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒரு மாம்பழம் இலட்சத்தைத் தாண்டிப் போகும், அடுத்த நாள் படத்தோடு செய்தி வரும். விலை ஏற ஏறக் கேட்கிறவருக்குப் பெருமை, காசு கோயிலுக்கு, பழம் வெறும் சாட்டு. ஈபே என்ற இணைய ஏலத்தில் நடுச்சாமத்தில் ஒரு பழைய கீபோர்டுக்கு விலை கேட்கிற எங்கட ஆட்களுக்கும் அதே இரத்தம்தான் ஏறுது. "அவன் நூற்றிப்பத்துக் கேட்டிட்டான், நான் விடுவனோ?" அந்த 'அவன்' ஆரென்றே தெரியாது. காசு போகிற இடமும் கோயில் இல்லை.

இப்படித் தொடங்கினதால் நான் ஏலத்துக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். வன்னியில் இருக்கிற ஒருவருக்கு நல்ல பழைய வாத்தியம் கிடைக்க வேறு வழி பெரிதாக இல்லை என்பதுதான் என்ர கட்சி. யாழ்ப்பாணத்தில் சில வீடுகளில் அலுமாரிக்கு மேலே அப்பப்பாவின் வயலின் பெட்டி இன்னும் இருக்கும். தூசு தட்டி, தந்தி மாற்றி, பேரப்பிள்ளை வாசிக்கும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அப்படியொரு அலுமாரியைத் தேடிப் பாருங்கோ. 2009இல் கடைசி யுத்தத்தில் பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று சனம் நகர்ந்தபோது ட்ரக்டர் பெட்டியில் முதலில் ஏறினது அரிசியும் தறப்பாளும். ஆர்மோனியம் கடைசியாக ஏறி முதலாவதாக இறங்கினது. மிருதங்கத்தோடு மெனிக்பாம் அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. ஆக, எங்கட பக்கத்தில் இப்போது கைமாறுகிற வாத்தியம் எல்லாம் அதற்குப் பிறகு வாங்கியது, அல்லது யாரோ நன்கொடையாகத் தந்தது. முக்கால்வாசி மலிவுச் சாமான்.

மலிவு வயலினில் என்ன பிழை என்று கேட்பீர்கள். தந்தியை முறுக்குகிற பிருடை வழுக்கும். பிள்ளை சட்ஜமத்தைச் சேர்த்துவிட்டு வில்லை எடுக்க முதல் தந்தி இறங்கிவிடும். ரீச்சர் ஒவ்வொரு பிள்ளைக்கும் சுருதி சேர்த்து முடிக்கவே பாடவேளை முடிந்துவிடும். தந்தியைத் தாங்குகிற குதிரையை அளவுக்குச் சீவாமல் அப்படியே நிமிர்த்தி வைத்திருப்பார்கள். தந்தி உயரத்தில் நிற்கும், பிஞ்சு விரல் நோகும். பிறகு "பிள்ளைக்குச் சங்கீதம் ஏறுதில்லை" என்று வீட்டில் முடிவு கட்டுவார்கள். நூறு வருசத்துக்கு முன் ஜேர்மனியின் சாக்சனிப் பக்கத்துப் பட்டறைகளில் கூட்டங்கூட்டமாகச் செய்து ஏற்றுமதி செய்த சாதாரண வயலின், இதைவிட எத்தனையோ மடங்கு மேல். அப்படியானவை ஈபேயில் எப்போதும் கிடக்கின்றன.

அதில் ஒரு வேடிக்கை. உள்ளே எட்டிப் பார்த்தால் உலகப் பேர்பெற்ற இத்தாலிய வயலின் செய்கைக்காரர் அன்டோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸின் பெயர், அவரின் ஊர் கிரெமோனா, 17 ஆம் நூற்றாண்டோ 18 ஆம் நூற்றாண்டோ ஒரு ஆண்டு என்று சீட்டு ஒட்டியிருக்கும். ஆட்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விலையை ஏற்றுவார்கள். எந்த மாதிரியைப் பார்த்துச் செய்தது என்பதற்காகத் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் ஒட்டிய சீட்டு அது. பல சீட்டுகளில் கீழே சின்னதாக ஜேர்மனி என்று வேறு இருக்கும். 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த சுங்கச் சட்டத்துக்குப் பிறகு இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் போட வேண்டி வந்ததால் வந்த சொல் அது. உண்மையான ஸ்ட்ராடிவாரி இணைய ஏலத்துக்கு வராமலும் இல்லை. 1721இல் செய்த 'லேடி பிளன்ட்' வயலினை 2011இல் டாரிசியோ நிறுவனம் இணையத்தில்தான் ஏலம் விட்டது. 15.9 மில்லியன் டொலருக்குப் போனது, காசு ஜப்பானின் சுனாமி நிவாரணத்துக்குப் போனது. அந்த ரகம் எழுபது டொலருக்குப் பழைய போர்வையில் வைத்துப் படம் பிடித்து வராது. ஆனால் அந்த எழுபது டொலர்ச் சாமானை ஸ்ட்ராடிவாரி இல்லை என்பதற்காகத் தள்ளிவிடவும் வேண்டாம். விசுவமடுப் பக்கம் ஒரு பிள்ளை அப்படியொன்றில்தான் வர்ணம் வாசிக்கிறாள். கேட்டால் எழும்பிப் போக மனம் வராது.

இனி என்ர முக்கியமான கதைக்கு வாறன். ஏலம் கேட்க முதல் விலையைப் பார்க்காதேங்கோ, படத்தைப் பார்க்காதேங்கோ, பெயரையும் பார்க்காதேங்கோ. உங்களுக்கு எட்டின தூரத்தில் இதைத் திறந்து திருத்தக்கூடிய ஆள் ஆர் என்று முதலில் பாருங்கோ. ஆள் இல்லையென்றால் சும்மா தந்தாலும் எடுக்காதேங்கோ.

ஒரு சனசமூக நிலையத்துக்கு வெளிநாட்டு உறவுகள் சேர்ந்து ஜப்பானிய எலெக்ட்ரிக் ஓகன் ஒன்றை ஏலத்தில் எடுத்து அனுப்பினார்கள். இரண்டு தட்டு, காலால் மிதிக்கிற கட்டைகள், பார்க்கக் கோயில் தேர் மாதிரி. பின்பக்கத் தகட்டில் 100 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை. எங்கட 230 வோல்ட் பிளக்கில் குத்தினார்கள். புகை வந்தது. பதினைந்து இளந்தாரிகள் சேர்ந்து தூக்கி வைத்த அந்த ஓகனுக்கு மேலே இப்போது பத்திரிகை அடுக்குகிறார்கள். உள்ளே எரிந்தது ஒரு சின்ன மின்மாற்றிப் பகுதியாகத்தான் இருக்கும். ஆனால் அதைத் திறந்து பார்க்க இங்கே ஆள் இல்லை, அந்தப் பகுதியை வாங்கி எடுக்கவும் இடம் இல்லை.

அதனால்தான் கீபோர்ட் எடுக்கிறவர்களுக்கு நான் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வெளியே அடப்டரில் ஓடுகிற வகையாகப் பாருங்கோ. ஜப்பானில் இருந்து வந்தாலும் அமெரிக்காவில் இருந்து வந்தாலும் அதில் போட்டிருக்கிற வோல்ட்டுக்கு அடப்டர் ஒன்றைக் கிளிநொச்சிச் சந்தியில் வாங்கிப் போட்டால் ஓடும். அதிலும் முனையைக் கவனிக்க வேணும். யமஹாவில் நடு முனை நேர். கேசியோவின் பழைய 9 வோல்ட் கீபோர்டுகளில் நடு முனை மறை. ஓட்டைக்குப் பக்கத்தில் சின்ன வட்டப் படமாகப் போட்டிருக்கும். விற்கிறவர் அந்த இடத்தைப் படம் எடுத்துப் போடவில்லையென்றால் கேட்டு வாங்குங்கோ. கேட்டும் தராதவரை விட்டுவிடுங்கோ.

கட்டைகளின் சங்கதி இன்னொன்று. பழைய கீபோர்டில் ஒரு கட்டை ஊமையாகவும் பக்கத்துக் கட்டை வெடிக்கிற மாதிரியும் கத்தினால் பயப்படத் தேவையில்லை. கட்டைக்குக் கீழே இருக்கிற ரப்பர்த் துண்டின் கறுப்புப் பொட்டில் ஊத்தை பிடித்திருக்கும். ஐசோபுரொபைல் அற்ககோலில் பஞ்சைத் தோய்த்துத் துடைத்தால் அநேகமாகச் சரிவரும். போன் திருத்துகிற பெடியன்கூடச் செய்வான். திரை இருண்டு கிடந்தால் அது வேறு கதை, அதற்குள் போகாதேங்கோ. பிளொப்பி டிஸ்க் போடுகிற காலத்து மொடல் என்றால் அந்த டிஸ்க் ஓடாது என்று நினைத்தே விலை போடுங்கோ. 'சோதிக்கவில்லை, உள்ளபடி விற்கிறேன்' என்று எழுதினவர்களில் பாதிப்பேர் சோதித்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள் என்பது என்ர அபிப்பிராயம். கீபோர்ட் வைத்திருக்கிறவருக்குப் பிளக்கில் குத்திப் பார்க்க எவ்வளவு நேரம் போகும்?

இன்னொன்று, கோயில் பாட்டுக்கும் எங்கட இசைக்குழுக்களுக்கும் தபேலா, இந்தியத் தாளம் எல்லாம் உள்ளே வேணும் என்று கேட்பவர்கள் அமெரிக்க ஏலத்தில் மினக்கெட வேண்டாம். யமஹா அவற்றை பிஎஸ்ஆர்-ஐ455, ஐ500 என்று இந்தியச் சந்தைக்கான வரிசையில்தான் நிறையப் போட்டது. அங்கே மலிவாகக் கிடக்கிற மொடலில் அவ்வளவு இராது. மன்னார்ப் பக்கக் கத்தோலிக்கப் பங்குகளின் பாடகர் குழுக்களுக்கு அந்த வில்லங்கம் இல்லை, அவர்களுக்கு நல்ல பியானோச் சத்தமும் ஓகன் சத்தமும் போதும்.

நாதஸ்வரம், தவில், மிருதங்கம் மூன்றையும் இந்த வழியில் தேடவே வேண்டாம். சுவரில் மாட்டச் செய்த நாதஸ்வரத்துக்கும் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்ததற்கும் படத்தில் வித்தியாசம் தெரியாது. என்ன சுருதி என்று கேட்டால் விற்கிற வெள்ளைக்காரனுக்கு விளங்காது. தோல் வாத்தியம் எப்படியும் வந்த பிறகு புதிதாக மூட்ட வேணும். அந்தக் காசுக்கு யாழ்ப்பாணத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஏலம் எப்படி ஓடுது என்று விளங்காமல் விளையாடுகிறவர்கள்தான் கூடக் காசு கொடுக்கிறார்கள். ஈபேயில் நீங்கள் போடுகிற தொகை உடனே விலையாகாது. உங்கட உச்சத்தை அது மறைத்து வைத்துக்கொண்டு, மற்றவரின் உச்சத்துக்கு மேலே ஒரு படி மட்டும் உங்களுக்காகக் கேட்கும். நீங்கள் 80 டொலர் போட்டு, மற்றவரின் உச்சம் 45 என்றால் விலை 46இல் நிற்கும். ஆகவே இரண்டு இரண்டு டொலராக ஏற்றி ஏற்றிக் குத்துவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. அது மற்றவருக்கு உசார் ஏற்றும், அவ்வளவுதான். விற்று முடிந்தவற்றைத் தனியாகக் காட்டுகிற வடிகட்டியைப் போட்டு, இதே சாமான் போன மூன்று மாதத்தில் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கோ. விற்கிறவர் ஆசைப்படுகிற விலையும் போன விலையும் வானத்துக்கும் பூமிக்கும். பிறகு உங்கட உச்சத்தை ஒரு தாளில் எழுதி, கடைசி நிமிடத்தில் ஒரே தரம் போட்டுவிட்டு எழும்பிப் போங்கோ. அமெரிக்க மேற்குக்கரையில் ஞாயிறு பின்னேரம் முடிகிற ஏலம் எங்களுக்குத் திங்கள் விடிய, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்துகிற நேரம். அது ஒரு வகையில் நல்லது, திரும்பத் திரும்பக் குத்த நேரம் இராது.

ஜப்பானின் யாஹூ ஏலத்தில் இந்தக் கடைசி நிமிட வித்தை அநேகமாகச் சரிவராது. முடிய ஐந்து நிமிடம் இருக்கிறபோது ஆரும் விலையை ஏற்றினால் நேரம் தானாக நீளும்படி விற்கிறவர்கள் வைத்திருப்பார்கள். அங்கே நேரடியாகக் கேட்கவும் ஏலாது, முகவர் நிறுவனம் ஊடாகத்தான். அவர்களுக்கும் கட்டணம் உண்டு.

சரி, வென்றாச்சு. இனித்தான் கணக்கு. கூரியர் நிறுவனங்கள் நிறையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் பிரித்து வருகிறதையும் பார்க்கும். எது கூடவோ அதற்குத்தான் காசு. 105, 45, 18 அளவுப் பெட்டியில் வருகிற கீபோர்ட் ஏழு கிலோவாக இருந்தாலும் 17 கிலோவுக்கு மேலே கட்ட வேணும். பிறகு சுங்கம். 2024 ஜனவரியில் இருந்து வற் வரியே 18 வீதம், மற்ற வரிகள் புறம்பு. அன்பளிப்பு என்று எழுதினால் விட்டுவிடுவார்கள் என்பது கட்டுக்கதை. டொலரையும் மறக்காதேங்கோ. 2022 தொடக்கத்தில் இருநூறு ரூபாய்ச் சொச்சமாக இருந்தது சில மாதத்திலேயே முந்நூற்றைம்பதைத் தாண்டினது. அந்த நேரம் ஏலத்தில் வென்றுவிட்டுக் காசு கட்டாமல் ஓடினவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

வயலின் விசயத்தில் பொதி கட்டுகிறவருக்கு ஒரு வரி எழுதுங்கோ: தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லி, முழுக்கக் கழற்ற வேண்டாம் என்று சொல்லி. முழுக்கக் கழற்றினால் உள்ளே நிற்கிற சின்னக் குச்சி விழுந்துவிடும், அதை நிமிர்த்தத் தெரிந்த ஆள் தேவை. பலகைகள் சேருகிற பொருத்து விட்டிருந்தால் பயமில்லை, அது பசை வேலை. மேற்பலகையில் குச்சிக்கு நேரே வெடிப்பு என்றால் வேண்டாம். எங்கட சோளகக் காற்றும் அதுக்குப் பிறகு வருகிற மாரியும் அந்த வெடிப்பைச் சும்மா விடாது.

வெளிநாட்டில் இருக்கிற அண்ணாமார், அக்காமார், உங்களிடம் ஒன்று கேட்கிறன். பிறந்த நாளுக்கும் திவசத்துக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியம் அனுப்புகிறீர்கள், நல்ல மனம். அனுப்ப முதல் அந்தப் பள்ளிக்கூடத்துச் சங்கீத ரீச்சருக்கு ஒரு கோல் எடுங்கோ. அதிபருக்கு எடுத்தால் "எது தந்தாலும் சந்தோசம்" என்பார். ரீச்சர் சொல்லுவா, வயலின் கிடக்கு, தந்தி இல்லை, வில்லில் மயிர் இல்லை, வில்லில் தேய்க்கிற ரொசின் கட்டி இல்லை என்று. ஒரு ஓகனின் கப்பல் கூலிக்கு ஒரு வகுப்புக்கே இரண்டு வருசத்துக்குத் தந்தி அனுப்பலாம். படம் எடுத்துப் போட அது அவ்வளவு வடிவாக இராது, தெரியும்.

இப்போது இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கத்தில் ஒரு ஆர்மோனியம் ஏலத்தில் கிடக்கு. துருத்தித் துணி கிழிஞ்சிருக்கு, இரண்டு கட்டை இழுக்குது, ஆனால் உள்ளே ரீட் வரிசையைத் திறந்து தெளிவாகப் படம் போட்டிருக்கிறார், பித்தளை சுத்தமாக இருக்கு. துருத்தி இங்கேயே ஒட்டலாம், ரீட் சுருதி சேர்க்கவும் எங்கட பக்கத்தில் ஆள் இருக்கிறார். ஞாயிறு நடுச்சாமம் தாண்டி முடியுது. எனக்குத் தேவையில்லை. இசை நாடகம் போடுகிற ஆரும் தேடுகிறீர்கள் என்றால் உள்பெட்டிக்கு வாங்கோ, எத்தனை பவுணுக்கு மேலே போகக்கூடாது என்று சொல்கிறேன். இரண்டு பேர் வந்தால் உங்களுக்குள்ளே கதைத்து முடிவெடுத்துவிட்டு ஒருத்தர் மட்டும் கேளுங்கோ.